வேந்தனுக்கு ஒருநாளும் மடிநோய் வந்ததில்லை

கால்கரை ஊருக்கு மரபணு வந்து சேர்ந்தது பங்குனி மாதம் மூன்றாம் வாரத்தில், ஒரு வெள்ளை வேனில். முன்னால் ஒரு ஜீப், பின்னால் நாற்காலி ஏற்றிய குட்டியானை வண்டி. வேனின் பக்கவாட்டில் 'தாமிரபரணிப் பள்ளத்தாக்கு மடிநல மரபணு மேம்பாட்டு இயக்கம்' என்று எழுதியிருந்தது. பெயர் நீளம் என்பதால் கடைசிச் சொல் பின்கதவுக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்களுக்குப் படிக்கக் கிடைத்தது அந்தக் கதவுதான். அதனால் அவர்கள் வெறுமனே 'இயக்கம்' என்றார்கள்.

கன்னடியன் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மாடு வைத்திருப்பவர்கள் மாட்டோடு வரவேண்டும் என்று தண்டோரா. ஹசன் அலி தன் பசு மைனாவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி பாத்து.

ஹசன் அலி பதினொரு வருடம் சவூதியில் ஒரு பால்பண்ணையில் இருந்தவன். பாலைவனத்துக்கு நடுவே கொட்டகை, கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் மாடு. அவன் வேலை மடியைத் தொட்டுப் பார்ப்பது மட்டும். கறவை இயந்திரம் மாட்டும் முன் காம்பில் இரண்டு பீச்சுப் பீச்சி, மடியில் கை வைத்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு மடி. எட்டு வருடத்துக்கு முன் ஊர் திரும்பியதும் வேறு தொழில் அவனுக்கு ஓடவில்லை. ஒரு சினைப் பசு வாங்கினான். அதற்குப் பின்னாளில் பிறந்தவள் மைனா. கால்நடை மருந்தகத்தில் போட்ட சினை ஊசியில் பிறந்தவள். இப்போது தலையீற்று, ஒரு நாளைக்குப் பதினாலு லிட்டர். அந்தத் தெருவில் அவ்வளவு கறக்கும் மாடு வேறு கிடையாது.

இயக்கத்தின் இயக்குநர் குமரகுருபரன் மேடை ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, ஏட்டிலிருந்து வாசிப்பது போன்ற தமிழ்.

"பெரியோர்களே, தாய்மார்களே, கறவை மாடுகளே! மடிநோயால் இந்தப் பள்ளத்தாக்கு ஆண்டுதோறும் இழக்கும் பால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எங்களுக்கும் தெரியாது. கணக்கிட முடியாத இழப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

முன்வரிசையில் கைதட்டல்.

"இந்த இழப்பைத் தடுக்கப் பிறந்தவன் நமது தலைமைக் காளை, பொருநை வேந்தன். நான்கு ஆண்டுகளாக உங்கள் மருந்தகங்களுக்கு வரும் சினை ஊசி அனைத்தும் அவனுடையதே. வேந்தனுக்கு இன்று வயது ஒன்பது. இந்த ஒன்பது ஆண்டில் அவனுக்கு ஒருநாளாவது மடிநோய் வந்தது உண்டா? ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தோம். ஒருநாள் கூட இல்லை!"

பந்தல் முழுக்கத் தட்டியது. ஹசன் அலியும் தட்டினான். நாலாவது தட்டில் கை நின்றுவிட்டது.

"காளைக்கு ஏது மடி?" என்றான் பாத்துவிடம்.

"கூட்டத்துல வச்சு என்னத்தையாவது பேசாதீங்க. பைய நில்லுங்க."

பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு மாட்டின் வால் குஞ்சத்திலிருந்தும் பத்து மயிர் வேரோடு பிடுங்கி உறையில் போட்டார்கள். மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையிலிருந்து எண்ணை எழுதிக்கொண்டது கணேஷ்ராம் என்ற இளைஞன். இயக்கத்தின் தகவல் அலுவலர். எழுதும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் மதிப்பெண் வந்தது. மைனாவுக்குப் பால் தொண்ணூற்றாறு, மடிநோய் எதிர்ப்பு தொண்ணூற்றேழு. சட்டம் போட்ட சான்றிதழில், 'இம்மாட்டுக்கு மடிநோய் வராது என இதன்மூலம் ஆணையிடப்படுகிறது' என்று இருந்தது. அதோடு ஒரு சால்வை. மைனா அதன் ஓரத்தைத் தின்றுவிட்டது. பாத்து சான்றிதழைத் தொழுவத்திலேயே ஆணியடித்து மாட்டினாள்.

வைகாசியில் ஒரு விடியல். மைனா காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. ஹசன் அலி உட்கார்ந்து மடியில் கை வைத்தான். முன்னிடது பக்கம் கொதித்தது. கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு பீச்சுப் பீச்சி உள்ளங்கையில் வாங்கினான். தண்ணீராக வந்தது, நடுவில் தயிர்க்கட்டி போலத் திரிதிரியாக. எண்ணூறு மடி பார்த்த கைக்கு இரண்டாவது பீச்சு தேவைப்படவில்லை.

"மடிநோய்" என்றான்.

பாத்து சுவரைப் பார்த்தாள். "வராதுன்னு ஆணையிட்ருக்காவளே."

"மைனாவுக்கு வாசிக்கத் தெரியாதுல்லா."

மருந்தகத்து டாக்டர் சித்ரலேகா ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயதுக்காரி. மாட்டைப் பார்த்ததுமே அவளுக்கும் தெரிந்துவிட்டது. பையில் மருந்தும் இருந்தது. ஆனால் ஒரு குப்பியைத் திறக்க வேண்டுமானால் முதலில் கைக்கணினியில் மாட்டின் எண்ணைப் போட்டு, நோயைத் தேர்ந்தெடுத்து, அனுமதி வாங்க வேண்டும். அவள் எண்ணைப் போட்டாள். நோய்களின் பட்டியல் விரிந்தது. மடிநோய் என்ற வரி மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. விரலால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரையில் எழுத்து வந்தது: 'மன்னிக்கவும். இந்த மாடு நலமாக உள்ளது.'

"தொண்ணூறுக்கு மேல மதிப்பெண் வாங்கின மாட்டுக்கு அந்த வரி திறக்காது அண்ணாச்சி" என்றாள் அவள். "அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

"வேற என்ன திறக்கும்?"

அவள் வாசித்தாள். "பயணக் களைப்பு. மாட்டின் பிடிவாதம். உரிமையாளர் கை."

"என் கையா?"

"மத்த ரெண்டுக்கும் தண்ணி காட்டவும்னு மட்டும் வரும். இதுக்காவது பெரிய ஆபீசுக்குத் தகவல் போகும். இதையே போடட்டுமா?"

ஹசன் அலி தலையாட்டினான். அவள் அழுத்தினாள். 'தகவலுக்கு நன்றி. மாடு நலமாக உள்ளது' என்று வந்தது.

கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டான். அவள் தயங்கினாள். மணிமுத்தாற்றுப் பக்கம் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு டாக்டர் இப்போது இயக்கத்தின் சரக்குக் கிட்டங்கியில் காதுவில்லை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணி முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடி எண்ணச் சொல்வார்களாம். இரண்டு நாள் அவள் பெரிய ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டாள். பாத்து கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் பூசினாள். மூன்றாம் நாள் சித்ரலேகா வந்து, ஒரு சீட்டை மருந்தின் பெயரோடு சாணிக்கூடைக்குள் போட்டுவிட்டுப் போனாள். ஹசன் அலி அம்பாசமுத்திரத்துக்கு ஓடி வாங்கி வந்து, காம்புக்குள் ஏற்றினான். மைனா பிழைத்தது. முன்னிடது காம்பு பிழைக்கவில்லை. சுருங்கி, குளிர்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் ஹசன் அலியின் கைக்கு அழைப்பு வந்தது. பாளையங்கோட்டை தலைமை அலுவலகத்தில், 'உரிமையாளர் கை சீரமைப்புப் பயிற்சி'.

போனவன் அங்கே நாற்பத்துமூன்று பேரைப் பார்த்தான். பாபநாசத்திலிருந்து ஒருவர், சேரன்மகாதேவியிலிருந்து நாலைந்து பேர், கொற்கையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்த ஆபிதா பீவி என்ற பெண். எல்லார் முன்னாலும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. ஒலிபெருக்கியில் ஒரு குரல் "இடக்கை" என்றால் இடக்கையைக் கழுவ வேண்டும். "வலக்கை" என்றால் வலக்கை. பகல் முழுக்கக் கழுவினார்கள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியது.

"உங்க மாட்டுக்கு எத்தனை?" என்று ஹசன் அலி ஆபிதா பீவியிடம் கேட்டான்.

"தொண்ணூத்தெட்டு. ரெண்டு காம்பு போச்சு காக்கா" என்றாள், அண்ணன் முறை வைத்து.

பாபநாசத்துக்காரருக்குத் தொண்ணூற்றொன்பது. அவர் மாடு செத்தே போயிருந்தது. தன் கையைச் சீர் செய்து இனி என்ன செய்வது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. சொன்னபோதெல்லாம் கழுவினார்.

சாயங்காலம் சான்றிதழ் கொடுக்கக் குமரகுருபரன் வந்தார். "ஐயம் இருந்தால் கேட்கலாம்" என்றார். அது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. யாரும் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஹசன் அலி எழுந்தான். ஈரக்கையை வேட்டியில் துடைத்தான்.

"ஐயா, நான் படிக்காதவன். இங்கன இருக்கவங்க மாடு அத்தனையும் வேந்தன் மக. கேட்டுப் பாத்தேன், அத்தனைக்கும் மடி பெருசு, தரையைத் தொடுத மாதிரி தொங்குது. காம்புத் துவாரம் அகலம். பால் கொட்டும், அதே வழியா சீக்கும் உள்ள போவும். காளைக்கு மடி கிடையாது, அதனால காளையைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேந்தனைப் பெத்த மாட்டுக்கு மடி எப்படி இருந்திச்சு?"

 

குமரகுருபரன் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட ஹசன் அலிக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"அருமையான வினா. ஆனால் அன்பரே, ஒரு மாபெரும் தலைவனைப் பார்த்து உன் தாய் எப்படி என்று கேட்பது நம் பண்பாடா? வேந்தன் பெற்ற விருதுகளைப் பாருங்கள். தகுதியற்ற காளைக்கு இத்தனை விருது கொடுப்போமா? கொடுத்தது நாங்களே. எங்களுக்குத் தெரியாதா?" பக்கத்தில் நின்ற கணேஷ்ராமிடம் திரும்பினார். "அன்பரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்."

கணேஷ்ராம் குறித்துக்கொண்டான். பிறகு ஹசன் அலி வெளியே குழாயடியில் நின்றபோது, முகம் கழுவுகிறவன் போல வந்து குனிந்தான்.

"அதோட அம்மா ரெண்டாவது ஈத்துலயே மடி அழுகிச் செத்திட்டு" என்றான், தண்ணீர்ச் சத்தத்துக்குள். "முப்பது லிட்டர் கறந்த மாடு. பால் மட்டும்தான் கோப்புல இருக்கு. செத்தது இல்ல."

"பொறவு எப்படி தம்பி இதைக் காளையா எடுத்தீங்க?"

"பால் கூடுத ரத்தத்துல பல நேரம் மடிநோயும் சேந்தே வரும் அண்ணாச்சி. ரெண்டையும் பாத்துக் கழிச்சுத்தான் காளை பொறுக்கணும். நல்லாப் பண்ணுத ஊருங்க இருக்கு. அதுக்கு நோய் வந்த மாட்டையும் ஒழுங்கா எழுதி வைக்கணும். இங்க நோய் வந்த மாட்டைப் பட்டியல்லேருந்து எடுத்துருதோம். மிச்சம் இருக்கதெல்லாம் நோயில்லாத மாடு. அதை வச்சுத்தான் மதிப்பெண்."

"எடுத்த மாடு எங்கன போவும்?"

"எங்கயும் போவாது. இல்லாமப் போயிரும்." குழாயை மூடினான். "உங்க வீட்டுக்கு ஆள் வருவாங்க. நான்தான் கூட்டிட்டு வருவேன். என்னைத் தெரியாத மாதிரி இருங்க."

எட்டாம் நாள் வந்தார்கள். 'பிறப்புத் திருத்தக் குழு' என்று பெயர். மூன்று அதிகாரிகள், கணேஷ்ராம், ஒரு பெரிய கத்தரி. குழுத்தலைவர் தொழுவத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து விளக்கினார். வேந்தன் மகளுக்கு மடிநோய் வராது. இந்த மாட்டுக்கு மடிநோய் வந்ததாகப் பேச்சு. எனவே இது வேந்தன் மகள் அல்ல. அப்படியானால் இதன் தகப்பன் யார்? அதை அறியத் தாய்ப்பசுவின் நடத்தையை விசாரிக்க வேண்டும்.

தாய்ப்பசு போன வருடமே இறந்திருந்தது. அது விசாரணைக்குத் தடையில்லை என்றார்கள். பக்கத்து வீட்டு நேசையாவைக் கூப்பிட்டார்கள். நேசையா ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர். ஹசன் அலியோடு ஒரே வகுப்பில் படித்து ஒரே வருடம் படிப்பை நிறுத்தியவர்.

"அந்தப் பசு தனியாக வெளியே செல்லும் வழக்கம் உடையதா?"

"மேய்ச்சலுக்குப் போவும்."

"எந்த நேரத்தில் திரும்பும்?"

"பசிச்சா வரும்."

"இடையில் யாரோடு நின்றது?"

"நிறைய மாடு நிக்கும் ஐயா. நான் என்னத்தைக் கண்டேன்."

குழுத்தலைவர் எழுதினார்: 'கட்டுப்பாடற்ற தாய். தகப்பன் அறியப்படவில்லை.' கணேஷ்ராம் கத்தரியோடு எழுந்தான். மைனாவின் காதிலிருந்து மஞ்சள் வில்லை விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து ஒரு பைக்குள் போட்டான். பைக்குள் ஏற்கெனவே கிடந்த வில்லைகளோடு உரசி அது சத்தம் போட்டது. நிறையக் கிடந்தன.

பாத்து மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எங்க மாட்டை ஒரு நிமிசத்துல தகப்பன் பேரு தெரியாதவளா ஆக்கிட்டீயளே" என்றாள். குழுத்தலைவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஹசன் அலி நல்ல மூன்று காம்பின் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோனான். நேசையா பாலை வாங்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது அவருக்கு. "வில்லை எண்ணைக் காட்டினாத்தான் மெசினு பால் எடுக்கும் பாய். எண் இல்லாத பாலை அது பாலுன்னே ஒத்துக்கிட மாட்டேங்கி."

அதற்குப் பிறகுதான் ஊர் மாறியது. எந்த வீட்டிலும் மாட்டுக்கு ஒன்றும் இல்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார்கள். விடியலில் தொழுவக் கதவுகளைச் சாத்திக்கொண்டு கறந்தார்கள். திரிந்த பாலை வேட்டித் துணியில் வடிகட்டிச் சங்கத்தில் ஊற்றினார்கள். துணியைப் பிழிந்து சாணிக்குள் புதைத்தார்கள். பால் ஊற்றுகிற வீடுகளிலேயே பிள்ளைகளுக்குப் பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் வீட்டிலும் மாடு இருந்தது.

ஆடி முடிவதற்குள் கால்வாய்ப் பாலத்தில் பச்சை நிறத்தில் ஒரு பலகை நட்டார்கள்: 'மடிநோய் இல்லாத ஊர்.' ஆவணியில் திருநெல்வேலியில் விருது விழா. ஊருக்கு இரண்டு பஸ் வந்தது. வராதவர் மாட்டின் வில்லை மறுபரிசீலனைக்கு உட்படும் என்றார்கள். ஹசன் அலிக்கு வில்லையே இல்லை. ஆனால் நேசையா தனியாகப் போகப் பயந்தார். அதனால் துணைக்குப் போனான்.

மேடையில் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் வாங்கிய ஒரு பசு மாலையோடு நின்றது. சிறப்பு விருந்தினர் முன்னிலையில் அதன் பாலைக் கறந்து, வெள்ளித் தம்ளரில் அவருக்குக் கொடுப்பது நிகழ்ச்சி. கறக்க வந்த ஆளைப் பசு எட்டி உதைத்துவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குமரகுருபரன் ஒலிபெருக்கியில், கறக்கத் தெரிந்தவர் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நேசையா பதற்றத்தில் வாய் விட்டுவிட்டார். "நம்ம பாய் சவூதியிலயே கறந்தவருல்லா!"

ஹசன் அலி மேடை ஏறினான். பசுவின் பக்கத்தில் குனிந்தான். மாலைக்குக் கீழே மடி சிவந்து பளபளத்தது. தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. பசு அவனைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயா, வேண்டாம்" என்றான் மெதுவாக. "மாடு நோவுல நிக்கி."

"கறங்கள்" என்றார் குமரகுருபரன், சிரித்த முகத்தோடு. ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "கறடா" என்றார்.

அவன் கறந்தான். முடிந்தவரை பைய, நோகாமல். வெள்ளித் தம்ளரில் இளஞ்சிவப்பாக விழுந்தது. மேலே வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. முன்வரிசைக்குத் தெரிந்தது. பிறகு பெரிய திரையிலும் தெரிந்தது.  கூடியிருந்த ஆயிரம் பேருக்கும் அது என்னவென்று தெரியும். அன்று காலை அவர்கள் துணியில் பிழிந்ததும் அதுதான்.

சிறப்பு விருந்தினருக்கு அன்று தனக்கு விரதம் என்பது அந்தக் கணத்தில் நினைவு வந்தது. தம்ளர் குமரகுருபரன் கைக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்காகக்கூட ஹசன் அலிக்கு இரக்கம் வந்தது. கீழே வைத்துவிடுவார், உண்மையைச் சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தான்.

குமரகுருபரன் ஒரே மூச்சில் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"நண்பர்களே! இது நாங்கள் அடுத்த ஆண்டு வெளியிடுவதாக இருந்த இரகசியம். இனி மறைக்க முடியாது. வேந்தனின் மகள்கள் இயற்கையாகவே ரோஜாப்பால் தருகிறார்கள்!"

முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. அதைப் பார்த்துப் பின்வரிசை தட்டியது. நேசையாவும் தட்டினார், அழுதுகொண்டே.

மேடைக்குப் பின்னால் ஹசன் அலியை ஓர் அறைக்குள் அழைத்துப் போனார்கள். கணேஷ்ராம் உறையோடு நின்றான்.

"நோய் மாட்டுல இல்ல. காளையில இல்ல" என்றான், மனப்பாடம் ஒப்பிப்பவன் போல. "அப்போ கறக்குத ஆள்ட்டதான் இருக்கணும்னு ஐயா முடிவு பண்ணிட்டாங்க. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி." ஹசன் அலியின் தலையிலிருந்து பத்து மயிரை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு ஒட்டினான்.

பதினைந்து நாளில் ஹசன் அலியின் மதிப்பெண் தபாலில் வந்தது. முப்பத்தொன்று. வில்லை அணிந்த எந்த மாட்டின் மடியையும் அவன் தொடக்கூடாது. அவனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் தொடக்கூடாது. பிறக்க இருப்பவர்களும் கூடாது. கடைசி வரி: 'ஊரில் கறக்கும் அனைவரிடமும் மாதிரி சேகரிக்கப்படும்.'

கால்கரையில் மற்ற வீடுகளில் கறப்பவர்கள் பெண்கள். பாத்து அந்தக் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ஒவ்வொரு சொல்லும் நன்றாகப் பதிந்தது.

ஜீப் வந்த காலையில், தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை. பெண்கள் நின்றார்கள். சிலர் முக்காட்டோடு, சிலர் நனைந்த தலைத் துண்டோடு. குமரகுருபரனே வந்திருந்தார். அன்றைக்கு மேடையில் குடித்ததிலிருந்து அவர் முகம் ஊதியிருந்தது. ஹசன் அலி தொழுவத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வரக்கூடாது என்று பாத்து சொல்லியிருந்தாள்.

"தாய்மார்களே, அச்சம் வேண்டாம். பத்தே பத்து மயிர்" என்றார் குமரகுருபரன்.

"மயிரெல்லாம் தரமாட்டோம்" என்றாள் பாத்து. "வேற ஒண்ணு தாரோம்."

அவள் இடுப்பில் முடிந்திருந்த முந்தானையை அவிழ்த்தாள். மஞ்சள் வில்லைகள் ஜீப்புக்குள், அவர் மடியில் கொட்டின. முந்தின நாள் சாயங்காலம் கம்பி வெட்டும் குறடு ஒன்று தெரு முழுக்கச் சுற்றி வந்திருந்தது. அடுத்தவள் கொட்டினாள். அதற்கடுத்தவள். வில்லைகள் அவர் மடி நிறைந்து கால்மாட்டில் விழுந்தன.

"எண்ணிக்கிடுங்க. உங்க மாடு எல்லாம் இதுல இருக்கு. தொழுவத்துல நிக்கது எங்க மாடு."

 பாத்துவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஹசன் அலி நினைத்தான். போலீஸ் வரும் என்று நினைத்தான். குமரகுருபரன் வில்லைகளைப் பார்த்தார். பிறகு பொறுமையாக எண்ணத் தொடங்கினார். நூற்றுப்பன்னிரண்டு. கணேஷ்ராமிடம் சொன்னார், "எழுதுங்கள். கால்கரையில் நோயுள்ள மாடுகள்: இல்லை. நோய்க்கு வாய்ப்புள்ள மாடுகள்: இல்லை. பணி நிறைவு." முகத்தில் உண்மையான நிம்மதி தெரிந்தது. "ஒரு ஊரை இவ்வளவு தூய்மையாக முடித்தது இதுவே முதல் முறை. அடுத்த ஊருக்கு இதையே பின்பற்றலாம்."

ஜீப் திரும்பிப் போயிற்று. இனி சங்கத்து இயந்திரம் ஒரு வீட்டுப் பாலையும் எடுக்காது. பெண்களுக்கு வென்றோமா தோற்றோமா என்று தெரியவில்லை. கறக்கப் போனார்கள்.

மத்தியானம் சித்ரலேகா வந்தாள். கைக்கணினி இல்லை. பெரிய பெட்டியில் மருந்து. "பட்டியல்ல இல்லாத மாட்டுக்கு வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றாள். ஹசன் அலி அவளோடு வீடு வீடாகப் போனான். அவன் கை வைத்து எந்தக் காம்பு என்று சொன்னான், அவள் மருந்தேற்றினாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவன் கைக்கு முழு வேலை கிடைத்தது. பெண்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதில் ஊருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. நாலு மாடு தேறாது என்று தெரிந்தது. மற்றவை தேறும்.

வழியில் சித்ரலேகா வேறொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றாள்.

"சினை மாடு மட்டும் நாப்பத்தொண்ணு அண்ணாச்சி. எல்லாம் தையில போட்ட ஊசி. எல்லாம் வேந்தன். அதுவும் தையில வந்தது பொட்டைக் கன்னுக்குன்னே பிரிச்ச விந்துக் குச்சி. நூத்துக்குத் தொண்ணூறு கெடேரிதான் விழும், இதே மடியோட." பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "நம்ம ஊர் மட்டும் இல்ல. மலையடிவாரத்துலேருந்து கடல் வரைக்கும் போயிருக்கு."

கடைசி வீடு நேசையாவுடையது. அவருடைய பசு ரூபிக்கு ஏழு மாதம். மடி இப்போதே கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. நேசையா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாய், எங்க வீட்ல மாடு சினையா நின்னா கெடேரியா குடுங்க ஆண்டவரேன்னுதான் இத்தனை வருசமும் ஜெபம் பண்ணியிருக்கேன். காளங்கன்னு விழுந்தா அன்னைக்குச் சாப்பிட மாட்டேன். இந்தத் தடவை காளையா குடுத்திருங்கன்னு கேட்டிருக்கேன். குடுப்பாருல்லா?"

சித்ரலேகா பெட்டியை மூடுவதில் கவனமாக இருந்தாள்.

ஹசன் அலி ரூபியின் வயிற்றில், வலப்பக்கம் தாழ்வாக, உள்ளங்கையை வைத்தான். உள்ளேயிருந்து கன்று உதைத்தது. திடமாக, நல்ல பலத்தோடு.

"என்ன பாய், அசையுதா?"

"அசையுது" என்றான்.